பர்லாங்: ஓர் உழவுச்சாலின் நீளம்

கேள்வி இது: “பெரியவர்கள் ‘ரெண்டு பர்லாங் தள்ளி’ என்பார்கள். பழைய பத்திரத்திலும் அந்தச் சொல் வருகிறது. பர்லாங் என்றால் சரியாக எவ்வளவு தூரம்? சொல் எங்கிருந்து வந்தது?”

அளவை முதலில் சொல்லிவிடலாம். ஒரு பர்லாங் 220 கஜம், அதாவது 660 அடி. எட்டு பர்லாங் சேர்ந்தால் ஒரு மைல். 1959-இல் ஒரு கஜம் 0.9144 மீட்டர் என்று பன்னாட்டு அளவில் முடிவானபிறகு, ஒரு பர்லாங் துல்லியமாக 201.168 மீட்டர். மனக்கணக்குக்கு ஐந்து பர்லாங் ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில் ஆறு மீட்டர் கூடுதலாக இருக்கும். பலர் 220 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்து “220 மீட்டர்” என்று சொல்லிவிடுகிறார்கள். அது கஜம், மீட்டர் அல்ல.

சொல் பழைய ஆங்கிலம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பு அங்கே பேசிய மொழி அது. அதில் ‘ஃபுர்ஹ்’ என்றால் உழவுச்சால், ‘லங்’ என்றால் நீளம். இரண்டும் சேர்ந்து ‘ஃபுர்லங்’. ஏர் ஒருமுறை திரும்பாமல் ஓட்டும் சாலின் நீளம் என்பதே பொருள். அதை ‘தூரம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு முடிச்சுப்போட்டு விளக்குவோர் உண்டு. ஒலி கொஞ்சம் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். வேர் அது இல்லை.

‘ஃபுர்ஹ்’ என்பதன் கடைசியில் வருவது தொண்டையில் உரசி எழும் ஒலி. அந்தச் சொல் தனியாக நின்ற இடத்தில் இந்த ஒலி மெல்ல உயிரொலியாகி, இன்றைய ஆங்கிலத்தின் ‘ஃபரோ’ ஆனது. பர்லாங்கில் அதை ஒட்டி உடனே ‘ல’ வந்ததால் உரசொலி நசுங்கிக் காணாமல் போனது. அதனால்தான் ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு சொற்களும் இன்று உறவே இல்லாததுபோலத் தெரிகின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களில் பலருக்கும் பர்லாங்குக்குள் உழவுச்சால் இருப்பது தெரியாது. ‘லங்’ என்பது ‘லாங்’ ஆனது இடைக்கால ஆங்கிலத்தில் நடந்த உயிர்மாற்றம். ஸ்காட்லாந்துப் பேச்சில் இன்றும் நீளத்துக்கு ‘லாங்’ இல்லை, பழைய அகரத்தோடு ‘லங்’ என்பதுதான்.

உறவுச் சொற்களையும் பார்த்துவிடலாம். சாலுக்கு ஜெர்மனில் ‘ஃபுர்ஹ’, டச்சில் ‘ஃபோர்’. லத்தீனில் ‘போர்கா’ என்றால் இரண்டு சால்களுக்கு நடுவே எழும்பி நிற்கும் மண்மேடு. லத்தீனில் பகரமாக நிற்பது ஜெர்மானிய மொழிகளில் ‘ஃப’ ஆவது நன்றாக நிறுவப்பட்ட ஒலிமாற்ற விதி. ஏக்கரும் இதே குடும்பத்து உழவுச்சொல்தான். பழைய ஆங்கிலத்தில் ‘ஆகெர்’ என்றால் வெறுமனே வயல். ஜெர்மனில் ‘ஆக்கர்’, லத்தீனில் ‘ஆகெர்’, கிரேக்கத்தில் ‘அக்ரோஸ்’, சமஸ்கிருதத்தில் ‘அஜ்ர’. வயல் என்ற பொருளிலிருந்து குறிப்பிட்ட பரப்பளவு என்ற பொருளுக்கு அது நகர்ந்தது. பர்லாங்கும் சாலிலிருந்து தூரத்துக்கு இப்படித்தான் நகர்ந்தது.

சரி, சால் ஏன் 660 அடி நீளம்? ஏன் நூறோ ஆயிரமோ இல்லை? கலப்பையைப் பார்த்தால்தான் இது விளங்கும்.

நம் நாட்டுக்கலப்பை மண்ணைக் கீறும், புரட்டிப் போடாது. எடை குறைவு, இரண்டு மாடு போதும், வரப்பு ஓரத்தில் தூக்கித் திருப்பி வைத்துவிடலாம். ஒருமுறை நெடுக்காக உழுதபின் குறுக்காகவும் உழவேண்டும். அதற்குச் சதுரத்தை ஒட்டிய வயல்தான் வசதி. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருப்பதோ ஈரம் ஏறிய கெட்டிக் களிமண். அங்கே இடைக்காலத்தில் நிலைத்த கலப்பை வேறு வகை. முன்னால் மண்ணைச் செங்குத்தாகக் கிழிக்க ஒரு கத்தி, அடியில் படுக்கையாக வெட்ட இரும்புக் கொழு, பக்கத்தில் வெட்டிய மண்ணை வலப்புறமாகப் புரட்டிப் போட ஒரு பலகை. பல இடங்களில் முன்பக்கம் சக்கரமும் உண்டு. 1086-இல் வில்லியம் மன்னர் எடுத்த நிலக்கணக்கான டூம்ஸ்டே பதிவேட்டில் ஓர் ஏர் என்றால் எட்டு எருதுகள் என்று வைத்தே கணக்கிட்டிருக்கிறார்கள். நடைமுறையில் நான்கு, ஆறு என்றும் பூட்டியிருப்பார்கள், கணக்குக்கு எட்டு.

இரண்டிரண்டாக நான்கு வரிசை எருது, பின்னால் கனத்த கலப்பை. இதைத் திருப்புவதுதான் பெரிய வேலை. திருப்பும்போதெல்லாம் நேரம் போகும், மாடு தடுமாறும், திரும்பும் இடத்து மண் மிதிபட்டு இறுகும். ஆகவே எவ்வளவு குறைவாகத் திருப்புகிறோமோ அவ்வளவு நல்லது. சால் நீளமாக இருக்கவேண்டும். ஆனால் அளவுக்கு மீறி நீண்டால் மாடு நடுவழியில் நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே, எருதுகள் ஒரே மூச்சில் இழுத்து, பிறகு திரும்பும்போது சற்று ஓய்வெடுக்கும் நீளமாக வந்து நின்றதுதான் சுமார் 200 மீட்டர். முதலில் இது நிர்ணயித்த அளவே அல்ல. மண் இளகிய இடத்தில் கூடும், மேட்டுநிலத்தில் குறையும், ஊருக்கு ஊர் மாறும். பிற்பாடுதான் அதை ஓர் எண்ணில் கட்டினார்கள்.

நீளம் இப்படி அமைந்தால், அகலத்தை ஒரு நாள் வேலை தீர்மானித்தது. ஒரு பர்லாங் நீளமும் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 66 அடி அகலமும் கொண்ட துண்டுதான் ஓர் ஏக்கர். 660-ஐ 66-ஆல் பெருக்கினால் 43,560 சதுர அடி. பத்திரப் பதிவிலும் வீட்டுமனை விளம்பரத்திலும் நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் எண் இதுதான். ஏக்கர் ஏன் இப்படிக் கோணல் எண்ணாக இருக்கிறது என்றால், அது சதுரமாகப் பிறந்தது அல்ல, நீண்ட பட்டையாகப் பிறந்தது.

ஒரு நாளில் ஓர் ஏக்கர் என்றால் எவ்வளவு நடை? ஒரு சால் ஒன்பது அங்குல அகலத்தில் மண்ணைப் புரட்டுகிறது என்று வைத்தால், 66 அடி அகலத்துக்கு 88 சால். ஒவ்வொன்றும் மைலில் எட்டில் ஒரு பங்கு. ஆக 11 மைல், ஏறத்தாழ 17.7 கிலோமீட்டர், திரும்பும் நடையைச் சேர்க்காமல். ஏல்ஃப்ரிக் என்ற துறவி சுமார் 1000-ஆம் ஆண்டுவாக்கில் மாணவர்களுக்கு லத்தீன் பழக்க எழுதிய உரையாடலில் ஓர் உழவன் வருகிறான். எவ்வளவு கடுங்குளிரானாலும் தினமும் ஒரு முழு ஏக்கரோ அதற்கு மேலோ உழுதே ஆகவேண்டும் என்று அவன் புலம்புகிறான். எஜமானுக்குப் பயந்து உழுகிற ஆள் அவன். பாடநூலுக்குள் இருந்தாலும் அந்தக் கணக்கு கற்பனை இல்லை.

இந்த உழவின் தழும்பை இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலங்களில் இன்றும் பார்க்கலாம். பலகை எப்போதும் வலப்புறமே மண்ணைத் தள்ளும். பட்டையின் நடுவில் தொடங்கி வலஞ்சுழியாகச் சுற்றிச் சுற்றி உழுதால், ஒவ்வோர் ஆண்டும் மண் நடுவை நோக்கிக் குவியும். நூறு இருநூறு ஆண்டுகளில் பட்டையின் நடு மேடாகவும் ஓரம் பள்ளமாகவும் ஆகிவிடும். மழைநீர் வடியவும் அது உதவியது. பிறகு உழவை நிறுத்தி ஆடு மேயவிட்ட நிலங்களில் அந்த மேடு பள்ளம் கலையாமல் நின்றுவிட்டது. மாலை வெயில் சாய்வாக விழும்போது மேலிருந்து எடுத்த படங்களில் வரிவரியாகத் தெரியும். இன்னொன்றையும் கவனிக்கலாம்: அந்த வரிகள் நேர்கோடாக இருக்காது. ‘எஸ்’ எழுத்தை இடவலமாக மாற்றிப் போட்டதுபோல மெல்ல வளைந்திருக்கும். நீண்ட எருதுவரிசை, கலப்பை கடைசிவரை போய்ச் சேருவதற்கு முன்பே இடப்பக்கமாகத் திரும்பத் தொடங்கவேண்டியிருந்தது என்பதே இதற்குப் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். திரும்பும் ஓரத்தைக் கடைசிவரை உழாமல் விட்டுவைத்து, எல்லாம் முடிந்தபின் குறுக்காக உழுவார்கள்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லவேண்டும். பழைய ஆங்கிலேய நில ஆவணங்களைப் படிப்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. பர்லாங்குக்கு நீளம் தவிர இன்னொரு பொருளும் உண்டு. ஒரே திசையில் பக்கம் பக்கமாகக் கிடக்கும் பட்டைகளின் தொகுப்பையும் பர்லாங் என்றே அழைத்தார்கள். ஊருக்குப் பொதுவாக இரண்டு மூன்று பெருவயல்கள். ஒவ்வொரு பெருவயலுக்குள்ளும் பல பர்லாங்குகள். ஒவ்வொரு பர்லாங்கிலும் வெவ்வேறு குடிகளின் பட்டைகள். சரிவுக்கும் வடிகாலுக்கும் ஏற்ப ஒரு பர்லாங் வடக்கு தெற்காக ஓடும், அதை ஒட்டியது கிழக்கு மேற்காக ஓடும். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. இந்தப் பொருளில் வந்தால் பர்லாங்குக்கு அளவே கிடையாது. மூன்று ஏக்கரும் இருக்கலாம், முப்பது ஏக்கரும் இருக்கலாம். “இன்ன பர்லாங்கில் இரண்டு ஏக்கர்” என்று ஆவணத்தில் வந்தால் அது தூரம் இல்லை, நம் ஊர்ப் பத்திரத்தில் வயலின் பெயரைச் சொல்லி அடையாளம் காட்டுவது போன்ற இடக்குறிப்பு. நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் கிராமத்தில் மூன்று பெருவயல் முறை இன்னமும் நடைமுறையில் இருக்கிறது. மற்ற இடங்களில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், பெருவயலைப் பிரித்து வேலியிட்டுத் தனித்தனி உடைமையாக்கிய வேலியடைப்புச் சட்டங்களோடு பெருவயல் போனது. பர்லாங் என்று முடியும் வயல் பெயர்கள் மட்டும் தங்கின.

மூன்றாவது பொருளை உழவர்கள் தரவில்லை, மொழிபெயர்த்த துறவிகள் தந்தார்கள். லத்தீன் நூல்களில் ‘ஸ்டேடியம்’ என்ற அளவு வரும். கிரேக்கரின் ஓட்டப்பந்தயத் திடலின் நீளம் அது. ரோமானியர் கணக்கில் 625 அடி, ரோமானிய மைலில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 185 மீட்டர். இதைப் பழைய ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? கிட்டத்தட்ட அதே நீளத்தில் கையில் இருந்த சொல் ஃபுர்லங். பத்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய பழைய ஆங்கில நற்செய்தி மொழிபெயர்ப்பில், லூக்கா 24-ஆம் அதிகாரத்தில் எருசலேமிலிருந்து எம்மாவு அறுபது ஃபுர்லங் தூரம் என்று இருக்கிறது. பின்னாளில் ஜேம்ஸ் மன்னர் காலத்து மொழிபெயர்ப்பும் அதே சொல்லை வைத்துக்கொண்டது. பரவலாகப் படிக்கப்படும் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் “ஏழு அல்லது எட்டு மைல்” என்று வரும். 60 பர்லாங்கை எட்டால் வகுத்தால் ஏழரை மைல், கணக்குப் பொருந்துகிறது. அதே வேதாகமத்தின் வெளிப்படுத்தின விசேஷம் 21-இல் நகரத்தின் அளவு “பன்னீராயிரம் ஸ்தாதி”. அங்கே கிரேக்க அளவை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் பர்லாங். எனவே பழைய ஆங்கில நூலில் பர்லாங் என்று வந்தால், அது கிரேக்க, லத்தீன் மூலத்தின் மொழிபெயர்ப்பா என்று முதலில் பார்க்கவேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் 201 மீட்டரால் பெருக்கக்கூடாது, 185-ஐ ஒட்டிப் பெருக்கவேண்டும். எம்மாவு 12 கிலோமீட்டர் இல்லை, 11.

மைலோடு பர்லாங்குக்கு உறவு ஏற்பட்டதும் இந்த மொழிபெயர்ப்பு வழியாகத்தான். ஸ்டேடியம் மைலில் எட்டில் ஒன்று. பர்லாங் ஸ்டேடியத்துக்கு ஈடு. ஆகவே பர்லாங்கும் மைலில் எட்டில் ஒன்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரோமானிய மரபில் வந்த மைல் 5000 அடி. 660 அடிப் பர்லாங் அதற்குள் ஏழரைக்குச் சற்று மேல்தான் அடங்கும்.

660 என்ற எண்ணுக்கே ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் நிலம் அளந்தது கோலால். அந்தக் கோலுக்கு ராட், போல், பெர்ச் என்று மூன்று பெயர். நாற்பது கோல் ஒரு பர்லாங். நான்கு கோல் அகலம், நாற்பது கோல் நீளம் ஓர் ஏக்கர். கோலின் நீளம் பதினாறரை அடி. யாரும் யோசித்துப் பதினாறரை அடியில் கோல் செய்யமாட்டார்கள். அளவியல் வரலாற்றில் பொதுவாகத் தரப்படும் விளக்கம், சாக்ஸன்கள் கொண்டுவந்த பழைய அடி பெரியது, அந்த அடியில் கோல் சரியாக 15 என்பது. பர்லாங் அப்போது 600 அடி. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டி, மூன்று வாற்கோதுமை மணி ஓர் அங்குலம், பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி, மூன்று அடி ஒரு கஜம் என்று வரையறுத்தபோது அடி பதினொன்றில் ஒரு பங்கு சுருங்கியது. நிலத்தையும் கோலையும் சுருக்க முடியுமா? வரி, குத்தகை, வாரிசுப் பங்கு எல்லாம் ஏக்கரிலும் பர்லாங்கிலும் எழுதியிருக்கின்றன. கோல் அப்படியே நின்றது. அடியில் எண்ணும்போது மட்டும் 15 என்பது பதினாறரை ஆனது, 600 என்பது 660 ஆனது.

மைலுக்கும் பர்லாங்குக்கும் இடையிலான வழக்கு 1593-இல் முடிந்தது. முதலாம் எலிசபெத் காலத்து நாடாளுமன்றம் லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் நகர எல்லையிலிருந்து மூன்று மைலுக்குள் புது வீடு கட்டுவதைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. மூன்று மைல் என்றால் எவ்வளவு என்று தகராறு வரக்கூடாதல்லவா? எனவே அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரையறை வைத்தார்கள்: ஒரு மைல் எட்டு பர்லாங், ஒரு பர்லாங் நாற்பது கோல், ஒரு கோல் பதினாறரை அடி. பெருக்கினால் 5280 அடி. நிலத்தோடு கட்டுண்ட பர்லாங் அசையவில்லை. யாருடைய சொத்தும் அல்லாத மைல்தான் 280 அடி நீண்டு கொடுத்தது. பள்ளியில் மனப்பாடம் செய்த 1760 கஜம், 5280 அடி என்ற எண்களெல்லாம் எருது இழுத்த சாலின் எட்டு மடங்கு.

அடுத்த பெரிய திருப்பம் 1620-இல். எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணிதர் நிலம் அளக்க ஒரு சங்கிலி அமைத்தார். நீளம் 66 அடி, நூறு கண்ணிகள்; பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை. 66 அடி என்பது பர்லாங்கில் பத்தில் ஒன்று, ஏக்கர்ப் பட்டையின் அகலம். பத்துச் சங்கிலி ஒரு பர்லாங், பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். கோல் கணக்கு நாலும் நாற்பதுமாகப் பெருக்கவேண்டியது. சங்கிலிக் கணக்கில் புள்ளியை நகர்த்தினால் போதும். மெட்ரிக் முறை பிறப்பதற்கு 170 ஆண்டு முன்பே பதின்மக் கணக்கை ஆங்கிலேய நிலத்துக்குள் நுழைத்துவிட்ட கருவி அது. பிரிட்டிஷார் போன இடமெல்லாம் இந்தச் சங்கிலியும் போயிற்று. மெல்பர்ன் நகரத்தின் நடுப்பகுதியை 1837-இல் வகுத்தபோது ஒவ்வொரு கட்டத்தையும் பத்துச் சங்கிலிச் சதுரமாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பர்லாங்காக வைத்தார்கள். ஒரு பர்லாங் சதுரம் சரியாகப் பத்து ஏக்கர். கிரிக்கெட் பிட்ச்சின் 22 கஜமும் ஒரு சங்கிலி நீளமே. 1744-ஆம் ஆண்டு விதிகளிலேயே அந்த அளவு இருக்கிறது. தடகளத்தில் 200 மீட்டர் ஓட்டம், முன்பு ஒரு பர்லாங்காக இருந்த 220 கஜ ஓட்டத்தின் வாரிசு. 440 கஜம் 400 மீட்டர் ஆயிற்று, 880 கஜம் 800 மீட்டர் ஆயிற்று.

இன்று சட்டப்படி பர்லாங்குக்கு இடம் கிட்டத்தட்ட இல்லை. பிரிட்டனிலேயே 1985-ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டம் அதை வணிக வழக்கிலிருந்து நீக்கிவிட்டது. ஆனாலும் அங்கே குதிரைப் பந்தயம் பர்லாங்கில்தான் ஓடுகிறது. இந்தியப் பந்தயத் திடல்கள் மீட்டருக்கு மாறிவிட்டன. ஆனால் 1000, 1200, 1400, 1600 என்று பந்தயங்கள் இருநூறு இருநூறாகத் தாவுவதைக் கவனித்தால் உள்ளே ஐந்து, ஆறு, ஏழு, எட்டு பர்லாங் இருப்பது தெரியும். மியான்மரில் நெடுஞ்சாலைப் பலகைகளில் மைலோடு பர்லாங் இன்னும் வருகிறது. விஞ்ஞானிகள் வேடிக்கைக்குப் பயன்படுத்தும் வேக அலகு ஒன்றும் உண்டு: இரு வாரத்துக்கு ஒரு பர்லாங். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய சரியாக ஒரு சென்டிமீட்டர்!

இனி நம் பக்கம். இங்கே பர்லாங் சாலை வழியாகத்தான் மக்கள் பேச்சுக்குள் வந்தது. பொதுப்பணித்துறைச் சாலைகளில் இரண்டு மைல்கல்லுக்கு நடுவே ஏழு சிறு கற்கள், பர்லாங்குக்கு ஒன்று. பாலம், மதகு, மரம் எதுவானாலும் அதன் இடத்தை மைல், பர்லாங் என்று சாய்கோடு போட்டு எழுதுவார்கள். 14/7 என்றால் 14 மைல் 7 பர்லாங். பழைய கோப்புகளைப் படிப்போர் இதை 14.7 மைல் என்று எடுத்துக்கொள்வது வழக்கமான தவறு. சரியான கணக்கு 14.875 மைல், 23.94 கிலோமீட்டர். 14.7 என்று வைத்தால் 23.66. ஏறக்குறைய 280 மீட்டர் தள்ளிப்போய்த் தேடிக்கொண்டிருப்பீர்கள். சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் எங்குமே 7-ஐத் தாண்டவில்லை என்றால் அது பர்லாங் கணக்கு என்று ஊகிக்கலாம். ஆனால் கோப்பின் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1956-இல் நிறைவேறிய எடை அளவுத் தரச் சட்டத்தின்படி 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் வந்தபின், சாலைகளும் கிலோமீட்டருக்கு மாறின. பர்லாங் கல்லின் இடத்தைப் பிடித்தது 200 மீட்டர்க் கல். இன்றும் நெடுஞ்சாலை ஓரத்தில் 2, 4, 6, 8 என்று எண் போட்ட சின்னக் கற்களைப் பார்க்கலாம். நூறு மீட்டருக்கு ஒன்று வைக்காமல் இருநூறுக்கு ஒன்று வைத்திருப்பது பழைய இடைவெளியோடு ஒத்துப்போகிறது. வித்தியாசம் ஒரு மீட்டர் சொச்சம்.

பத்திரத்தில் பர்லாங் வந்தால் பெரும்பாலும் அது ஊரிலிருந்தோ சாலையிலிருந்தோ சொத்து இருக்கும் தூரம். அதை வைத்து எல்லையை நிர்ணயிக்க முயலவேண்டாம். குத்துமதிப்பாக எழுதியது அது. எல்லைக்கு நான்கு பக்க விவரமும் சர்வே எண்ணும், நிலத்தின் பக்க அளவுகளைக் குறித்த சர்வே வரைபடமான புலப்படமும்தான் ஆதாரம்.

ஆனால் புலப்படத்துக்குள் பர்லாங் வேறு வேடத்தில் இருக்கிறது, அங்கேதான் காசு போகிற தவறு நடக்கும். பழைய புலப்படங்களில் பக்க அளவுகள் கன்டர் சங்கிலியின் கண்ணியில், அதாவது லிங்க்ஸில் இருக்கும். ஒரு லிங்க் 7.92 அங்குலம், 20.1168 சென்டிமீட்டர். ஆயிரம் லிங்க் ஒரு பர்லாங். ஒரு லட்சம் சதுர லிங்க் ஓர் ஏக்கர். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். நாம் சென்ட் என்று சொல்லும் 435.6 சதுர அடி இப்படி வந்ததுதான். பின்னாளில் 20 மீட்டர் மெட்ரிக் சங்கிலி வந்தது. அதிலும் நூறு கண்ணி. ஆனால் ஒரு கண்ணி சரியாக 20 சென்டிமீட்டர். இரண்டுக்கும் பெயர் லிங்க். பொறியாளர் சங்கிலி என்று இன்னொன்றும் உண்டு, நூறடி நீளம், அதில் ஒரு லிங்க் ஓரடி.

குழப்பினால் என்ன ஆகும்? புலப்படத்தில் 250 லிங்க் அகலம், 400 லிங்க் நீளம் என்று ஒரு செவ்வகத் துண்டு. பெருக்கினால் ஒரு லட்சம். கன்டர் லிங்க் என்றால் சரியாக ஓர் ஏக்கர், 4046.86 சதுர மீட்டர். அதை மெட்ரிக் லிங்க் என்று நினைத்து 50 மீட்டர், 80 மீட்டர் என்று தரையில் அளந்து கல் நட்டால் 4000 சதுர மீட்டர்தான் வரும். குறைவது 46.86 சதுர மீட்டர், ஏறத்தாழ 504 சதுர அடி. ஏக்கருக்கு ஒரு சென்ட்டுக்கும் மேலே பக்கத்து நிலத்துக்குப் போய்விடும். எனவே படத்தில் எந்த அலகு என்று குறித்திருக்கிறார்களோ அதை முதலில் பாருங்கள். குறிப்பு இல்லையென்றால், பக்க அளவுகளைப் பெருக்கி, பதிவேட்டில் எழுதியிருக்கும் பரப்போடு ஒப்பிட்டால் எந்த லிங்க் என்று தானாகத் தெரிந்துவிடும்.

இலங்கையில் கண்ணிக்குப் பதில் கோலே தங்கிவிட்டது. அங்கே காணி விற்பனையில் வரும் பேர்ச்சஸ் என்பது மேலே சொன்ன பதினாறரை அடிப் பெர்ச்தான், ஆனால் நீளமாக அல்ல, சதுரமாக. பதினாறரையைப் பதினாறரையால் பெருக்கினால் 272.25 சதுர அடி. அதுதான் ஒரு பேர்ச். பழைய உறுதிகளில், அதாவது அங்குள்ள நிலப் பத்திரங்களில், ஏக்கர், ரூட், பேர்ச் என்று மூன்று பத்தியாக எழுதியிருப்பார்கள். ஒரு கோல் அகலத்தில் ஒரு பர்லாங் நீளம் ஓடும் பட்டைதான் ரூட், 40 பேர்ச். நான்கு ரூட் ஓர் ஏக்கர், 160 பேர்ச். யாழ்ப்பாணத்தில் ‘பரப்பு’ என்றே ஒரு நில அளவு உண்டு. அதைப் பத்துப் பேர்ச் என்று கணக்கில் வைத்திருப்பதால் ஏக்கருக்கு 16 பரப்பு. உறுதியில் 1-2-15 என்று இருந்தால் அதைத் தேதிபோலவோ பதின்மமாகவோ படிக்காமல், 160-ஓடு 80-ஐயும் 15-ஐயும் கூட்டி 255 பேர்ச் என்று எடுக்கவேண்டும், பரப்பில் இருபத்தைந்தரை.